உஷார்! கொழும்பில் நிரப்பிய டேங்க் டயகமவில் ஒழுகும்

தலவாக்கலையிலிருந்து டயகம வரும் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுப் பொடியன் லிந்துலை தாண்டும்போதே தொடையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தான். அக்கரப்பத்தனையில் கூட்டம் இறங்கியதும் எழுந்து நின்று காற்சட்டைப் பையை வெளியே இழுத்தான். பை முழுக்க ஈரம். மாம்பழ எசன்ஸ் வாசம் குப்பென்று அடித்தது. கையில் ஒரு வேப், அதாவது இலத்திரனியல் சிகரெட். தடித்த பேனா மாதிரி உடம்பு, மேலே சின்னக் கண்ணாடி டேங்க், அதில் பாதி காலி.

"தீபாவளிக்குன்னு புதுசா வாங்குனேன் மாமா. கடைக்காரன் ஏமாத்திப்புட்டான்."

ஈரக் கையைக் காற்சட்டையிலேயே துடைத்துக்கொண்டான். முகம் வெளுத்து, வாயில் எச்சில் ஊறிக்கொண்டிருந்தது. ரோட்டு வளைவுதான் காரணம் என்றான். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

கொழும்பில் வாங்கிய சிப்ஸ் பக்கெட் நுவரெலியா வந்து சேரும்போது பலூன் மாதிரி உப்பியிருக்குமே, அதே கதைதான் இது. ஐயாயிரம் அடி ஏறினால் வெளிக்காற்றின் அழுத்தம் ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். டேங்குக்குள் மாட்டிக்கொண்ட காற்று விரியும். விரிந்து, திரவத்தை அதை உறிஞ்சுகிற பஞ்சு வழியாகக் காற்றுத் துவாரத்துக்குத் தள்ளும். அந்தத் திரவத்தில் இருப்பது நிக்கொட்டின். அது தோல் வழியாகவே உடம்புக்குள் போகும். ஈரமான பச்சைப் புகையிலையை வெறுங்கையால் ஒடிக்கிற கூலியாட்களுக்குத் தலைசுற்றலும் வாந்தியும் வருவது உலகம் முழுக்கத் தெரிந்த நோய். பையன் ஒரு இழுவைகூட இழுக்காமலே, தொடை வழியாகக் குடித்துக்கொண்டு வந்திருக்கலாம்.

கடைக்காரன் என்ன கேட்டு இதை விற்றான் என்று விசாரித்தேன். "எப்படி இழுப்பே?" என்று கேட்டானாம். அந்த வியாபாரத்தின் முதல் கேள்வியே அதுதான், கேள்வியில் தப்பும் இல்லை. சிகரெட் மாதிரி முதலில் வாய்க்குள் இழுத்து, பிறகு நெஞ்சுக்குள் விடுகிறவனுக்கு ஒரு டேங்க்: காற்றுத் துவாரம் ஊசிக்கண் போல, திரவத்தைச் சூடாக்குகிற கம்பிச்சுருளான காயிலின் மின்தடை 1 ஓமுக்கு மேல், 10, 12 வாட் சூடு போதும். மூச்சு இழுப்பது மாதிரி நேரே நெஞ்சுக்குள் இழுக்கிறவனுக்கு இன்னொன்று: துவாரம் அகலம், காயில் 0.2 ஓம் அளவில், 60 வாட்டும் அதற்கு மேலும். முதலாவதில் சின்னப் புகை, கூடிய நிக்கொட்டின். இரண்டாவதில் ஒரே இழுவையில் பல மடங்கு ஆவி வருவதால் மில்லிலீட்டருக்கு 3 அல்லது 6 மில்லிகிராம் திரவத்தைத்தான் அதில் ஊற்றுவார்கள்.

ஆபத்து இந்த இரண்டும் மாறிப்போகும் இடத்தில் இருக்கிறது. சிநேகிதனிடம் பெரிய டேங்கை வாங்கி, தன்னிடம் மிச்சமிருக்கும் 20 மில்லிகிராம், சில வேளை 50 மில்லிகிராம் திரவத்தை ஊற்றி, பந்தயத்துக்குப் புகைமேகம் விடுகிறான் ஒருத்தன். பழைய வகை நிக்கொட்டினாக இருந்தால் முதல் இழுவையிலேயே தொண்டை எரிந்து இருமி எறிந்துவிடுவான். இப்போது வருவது அமிலம் சேர்த்த நிக்கொட்டின் உப்பு. 2015இல் வந்த அமெரிக்காவின் ஜூல் வேப் இதை வைத்துத்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. தொண்டையில் எரிச்சல் அவ்வளவாகத் தெரியாது, பால் மாதிரி இறங்கும். போதும் என்று சொல்ல வேண்டிய தொண்டையின் வாயை முதலிலேயே அடைத்துவிட்டார்கள். பிறகு படபடப்பு, குளிர் வேர்வை, வாந்தி. தலையைப் பிடித்துக்கொண்டு கானில் உட்கார வேண்டியதுதான்.

நம்ம ஆட்களின் இழுவையோ தனி ரகம். பீடி இழுத்துப் பழகியவர் விட்டு விட்டு இழுக்கமாட்டார். இழுக்காவிட்டால் பீடி அணைந்துபோகும், அதனால் வேகமாக, அடிக்கடி, கன்னம் ஒட்ட இழுப்பார். அதே இழுவையைச் சின்னத் துவார டேங்கில் காட்டினால் திரவம் காயிலுக்குள் வெள்ளமாக ஏறி, கொதிக்கிற துளியாக உதட்டில் தெறிக்கும். சுருட்டுப் பிடித்த தாத்தாக்கள் புகையை வாயிலேயே வைத்து ஊதிவிடுவார்கள். சுருட்டுப் புகையிலிருந்து நிக்கொட்டின் கன்னத்துத் தோலாலேயே ஏறிவிடும் என்பதால் அவர்களுக்கு அது போதுமாக இருந்தது. பேரனுக்கு நெஞ்சு நிறைய வேண்டியிருக்கிறது.

இங்கத்தைய குளிரையும் கணக்கில் எடுங்கள். திரவத்தில் பெரும்பாலும் பாதியோ அதற்கு மேலோ கிளிசரின். விடியக்காலைக் குளிரில் அது தேன்பாகு மாதிரி இறுகும். பஞ்சு அதை உறிஞ்சுவதற்குள் அடுத்த இழுவை, அதற்கடுத்த இழுவை. பஞ்சு காய்ந்து கருகும். தொண்டையைக் கிழிக்கிற ஒரு தீய்ந்த ருசி வரும். அந்த நேரம் நெஞ்சுக்குள் போவது ஃபோமல்டிஹைட், அக்ரோலின் மாதிரி நஞ்சுகள். பிரேத அறையில் உடல் கெடாமல் வைக்கிற ஃபோமலின் என்பது அந்த ஃபோமல்டிஹைட் தண்ணீரில் கரைந்ததுதான். பெரட்டுக்குப் போகும் வழியில் அவசரமாக நாலு இழுவை இழுக்கிற தம்பிமாரே, கேட்கிறதா?

பெட்டரியை நினைத்தால் இன்னும் பயமாக இருக்கிறது. நிரம்பச் சார்ஜ் ஏறிய லித்தியம் பெட்டரி 4.2 வோல்ட். 1.2 ஓம் காயிலை நேரே பூட்டினால் 3.5 அம்பியர் இழுக்கும், தாங்கும். 0.2 ஓமைப் பூட்டினால் 21 அம்பியர். பழைய லெப்டொப்பிலிருந்தும் டோர்ச்சிலிருந்தும் கழற்றிய செல்லைப் போட்டு ஓட்டுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். அந்தச் செல்கள் இந்தச் சுமைக்குச் செய்தவை இல்லை. 2018 மே மாதம் அமெரிக்காவின் புளோரிடாவில் ஒரு ஆள் வேப் வெடித்தே செத்துப்போனார். நமக்கோ லயம். ஒரு காம்பராவில் பிடித்த நெருப்பு எத்தனை காம்பராவை எடுக்கும் என்று தோட்டத்தில் பிறந்தவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அங்கே தலையணைக்குக் கீழே வைத்துச் சார்ஜ் போடுகிறார்கள்.

"இங்கிலாந்துல டொக்டர்மாரே சிகரெட்டை விட்டு இதுக்கு மாறச் சொல்றாங்களே?" என்று பொடியன் கேட்டான். சரியான கேள்விதான். சொல்கிறார்கள், ஏற்கெனவே புகைக்கிற பெரியவர்களுக்கு. ஆனால் அங்கே திரவத்தில் 20 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது, டேங்க் 2 மில்லிலீட்டர், போத்தல் 10 மில்லிலீட்டர் என்று சட்டம் அளந்து வைத்திருக்கிறது. அப்படியிருந்தும் ஒருதடவை பாவித்து வீசுகிற வேப்பை 2025 ஜூனில் தடை செய்தார்கள். இங்கே இலங்கையில் 2016ஆம் ஆண்டு வர்த்தமானி ஒழுங்குவிதியே புகையிலை சேர்ந்த இலத்திரனியல் சிகரெட்டைத் தடுத்துவிட்டது. புகையிலைப் பொருளை 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பதே 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். தமிழ்நாடு 2018இலும் இந்தியா முழுவதும் 2019இலும் மூடிய கதவு இது. ஆகவே மேசைக்குக் கீழிருந்து எடுத்துத் தருகிறவன் சொல்வதுதான் அளவு, ஒட்டியதுதான் லேபல். 2019இலும் 2020 தொடக்கத்திலும் அமெரிக்காவில் வேப் இழுத்த 2,800க்கு மேற்பட்டோர் நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள், 68 பேர் இறந்தார்கள். கஞ்சாச் சத்துக் கலந்த கள்ளத் திரவத்தில் சேர்த்த விற்றமின் ஈ எண்ணெய்தான் பெரும்பாலும் காரணம். சிங்கப்பூரில் மயக்க மருந்தான எட்டோமிடேட்டையே வேப்பில் ஊற்றி விற்றதால், 2025இல் அரசாங்கம் அதைப் போதைப்பொருள் பட்டியலில் போட வேண்டி வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மாம்பழ வாசம்தான்.

எனவே எந்த டேங்க் நல்லது என்று என்னிடம் கேட்காதீர்கள். இழுக்காதவனுக்கு எந்த டேங்கும் பொருந்தாது. பீடியையோ சிகரெட்டையோ விட நினைக்கிறவர்கள் 1948க்கு அழையுங்கள். புகைத்தலை நிறுத்த உதவுகிற அரசாங்க இலக்கம் அது.

தாய்மாருக்கு ஒரு வார்த்தை. கொழும்பிலிருந்து வந்த பிள்ளையின் பையைத் துவைக்கப் போடுமுன் பாருங்கள். பழவாசமுள்ள சின்னப் போத்தல் இருந்தால் கைக்குழந்தைக்கு எட்டாமல் எடுத்து வையுங்கள். 50 மில்லிகிராம் திரவம் 10 மில்லிலீட்டர் என்றால் உள்ளே 500 மில்லிகிராம் நிக்கொட்டின். ஒரு சிகரெட்டிலிருந்து உடம்பில் ஏறுவது 1, 2 மில்லிகிராம்தான். 2014 டிசம்பரில் நியூயோர்க் மாநிலத்தில் இந்தத் திரவத்தால் ஒரு குழந்தை செத்துப்போனது. கையில் பட்டால் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். குழந்தை குடித்துவிட்டாலோ, பொடியன் வாந்தியெடுத்துச் சுருண்டாலோ, தேசிக்காய்த் தண்ணி கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். உடனே 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் வரும். அந்தப் போத்தலையும் கையோடு கொண்டுபோங்கள். டொக்டர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.