பறக்கும் முன்னர் சொல் கேட்கட்டும்

எங்கள் வீட்டு அலுமாரியின் மேல் தட்டில், உம்மாவின் பெருநாள் சாரிகளுக்குப் பின்னால், ஒரு மாதிரி ஹெலிகொப்டர் நான்கு மாதங்கள் பூட்டிக் கிடந்தது. சாவி உம்மாவிடம் இருந்தது. அது ஏன் பூட்டப்பட்டது, எப்படித் திறக்கப்பட்டது என்பதைச் சொல்லிக்கொண்டே, றிமோட்டினால் இயங்கும் ஹெலிகொப்டரின் கட்டுப்பாடுகளை எந்த ஒழுங்கில் சரிசெய்ய வேண்டும் என்பதையும் விளக்கலாம் என்று நினைக்கிறேன்.

கட்டாரில் தொழில் புரியும் என் நானா விடுமுறையில் வந்தபோது அதைக் கொண்டுவந்தார். 450 அளவு என்று சொல்லப்படும் வகை. சுழலியின் விட்டம் ஏறத்தாழ 70 சென்ரிமீற்றர். நானா திரும்பிப் போன பிறகு அதன் கைரோ பழுதாகிவிட்டது. புதியதொன்றை அனுப்பிவைத்தார். அதை நானே பூட்டினேன். பௌதிகவியல் படிக்கிறேன் என்ற துணிச்சல்தான். "எல்லாத்தையும் செக் பண்ணினியா தங்கச்சி?" என்று நானா வட்ஸ்அப்பில் கேட்டார். "ஓம் நானா" என்றேன். உண்மையில் ஒன்றைப் பார்க்கவில்லை.

வளவில் வைத்து மோட்டரை ஓடவிட்டேன். ஹெலிகொப்டர் மேலே எழும்பவில்லை. இருந்த இடத்திலேயே பம்பரம் போலச் சுழன்று சரிந்தது. பிளேட் நிலத்தில் அடித்து உடைந்து, ஒரு துண்டு பறந்துபோய்க் கிணற்றுக் கட்டில் மோதியது. அந்தக் கட்டுக்கு அருகில்தான் ஆறு வயதுத் தம்பி நின்றான். அல்ஹம்துலில்லாஹ், அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. உம்மா ஓடிவந்து அவனைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "இது விளையாட்டுச் சாமான் இல்ல மகள். பறக்கிற கத்தி."

உம்மா சொன்னது மிகையல்ல என்பதைப் பிறகு நானே கணக்கிட்டுப் பார்த்தேன். சுழலியின் ஆரை 0.35 மீற்றர். அது நிமிடத்துக்கு 2500 தடவை சுற்றுவதாக எடுத்துக்கொண்டால், பிளேட்டின் நுனி செக்கனுக்கு 90 மீற்றருக்கும் அதிகமான வேகத்தில் செல்கிறது. அதாவது, மணிக்கு 300 கிலோமீற்றருக்கும் மேல்.

பல வாரங்கள் கெஞ்சிய பிறகு உம்மா ஒரு நிபந்தனை விதித்தார். "அது ஏன் அப்படிச் சுத்தினது, இனி ஏன் சுத்தாது என்று எனக்கு விளங்கப்படுத்து. விளங்கினால் சாவி தாறேன்." உம்மா சாதாரண தரம் வரை படித்தவர். முப்பது வருடங்களாகத் தையல் இயந்திரத்தோடு பழகியவர். அவருக்கு விளங்கப்படுத்துவதற்காக நான் எழுதிய தாள்தான் இந்தக் கட்டுரைக்கு அடிப்படை.

முதலில் கட்டுப்பாடுகளைப் பார்ப்போம். பெரும்பாலானோர் பாவிக்கும் முறைப்படி, றிமோட்டின் இடது ஸ்டிக்கை மேலே தள்ளினால் ஹெலிகொப்டர் உயரும், கீழே இழுத்தால் இறங்கும். அதையே இடம் வலமாக அசைத்தால் மூக்கு அந்தப் பக்கம் திரும்பும். வலது ஸ்டிக்கை முன்னே தள்ளினால் ஹெலிகொப்டர் முன்னே சாய்ந்து செல்லும், பக்கவாட்டில் தள்ளினால் அந்தப் பக்கமாகச் செல்லும். இந்த வகையில் மேலெழும் விசை மோட்டரின் வேகத்தை மட்டும் பொறுத்ததல்ல. பிளேட்டுகள் காற்றை வெட்டும் கோணத்தைக் கூட்டிக் குறைத்தே முக்கியமாக உயரம் மாற்றப்படுகிறது. இதனைப் பிட்ச் கோணம் என்பர். அந்தக் கோணத்தை மாற்றுவது சுழலிக்குக் கீழே இருக்கும் வட்டத் தட்டு. ஸ்வொஷ் தட்டு என்று அழைக்கப்படும் அதனை, 120 பாகை இடைவெளியில் நிற்கும் மூன்று சேர்வோ மோட்டர்கள் தாங்குகின்றன. மூன்றும் ஒன்றாக உயர்ந்தால் தட்டு முழுதும் உயரும். ஒன்று உயர்ந்து மற்றது தாழ்ந்தால் தட்டு சாயும்.

இனி வாலுக்கு வருவோம். நியூற்றனின் மூன்றாம் விதி நாம் அறிந்ததே. மேலிருந்து பார்க்கும்போது என் ஹெலிகொப்டரின் பெரிய சுழலி வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. ஆகவே உடல் இடஞ்சுழியாகத் திரும்ப முயல்கிறது, அதாவது மூக்கு இடப்பக்கம் போகப் பார்க்கிறது. அதைத் தடுப்பதற்கே வாலில் ஒரு சிறிய சுழலி இருக்கிறது. ஈகோர் சிகோர்ஸ்கி அமெரிக்காவில் 1939ஆம் ஆண்டு எழுப்பிய வீ.எஸ்.-300 ஹெலிகொப்டரிலும் இதே ஏற்பாடுதான்: மேலே ஒரு பெரிய சுழலி, வாலில் ஒரு சிறிய சுழலி. அவ்வளவு பெரிய பொறியியலாளரும் முதல் முயற்சியில் அதைக் கயிறுகளால் நிலத்தோடு பிணைத்து வைத்துத்தான் எழுப்பினார் என்பதை நான் பிறகுதான் வாசித்தேன்.

மாதிரி ஹெலிகொப்டரில் வால் சுழலியை நம் விரல்களால் மட்டும் சமாளிக்க முடியாது. உடல் சிறிது திரும்பினாலும் அதை உணர்ந்து, வால் சேர்வோவுக்கு உடனே கட்டளையிடுவது கைரோ. அது தவறான திசையில் கட்டளையிட்டால் என்ன நடக்கும்? மூக்கு இடப்பக்கம் திரும்பத் தொடங்க, அது இன்னும் இடப்பக்கமே தள்ளும். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவது போன்றது. எங்கள் வளவில் நடந்தது அதுதான். நான் பார்க்காமல் விட்ட ஒன்று, கைரோவின் திசை.

அடுத்து, உம்மாவின் முன் சாப்பாட்டு மேசையில் நான் செய்து காட்டிய ஒழுங்கு.

முதலாவது, பெரிய பிளேட்டுகளையும் வால் பிளேட்டுகளையும் கழற்றி, மோட்டரின் வயர்களையும் பிரித்துவிட வேண்டும். இது முடியும் வரை பற்றரியைத் தொடக்கூடாது. பிறகு முதலில் றிமோட்டைப் போட வேண்டும். அடுத்ததாகத்தான் ஹெலிகொப்டரின் பற்றரியை இணைக்க வேண்டும். அணைக்கும்போது இதற்கு எதிர்மாறான ஒழுங்கு. பற்றரியை இணைத்ததும் சில செக்கன்கள் ஹெலிகொப்டரை அசைக்கக்கூடாது. அந்த நேரத்தில்தான் கைரோ, 'அசையாமை' என்றால் என்ன என்பதைப் படித்துக்கொள்கிறது.

இரண்டாவது, ஸ்வொஷ் தட்டு. றிமோட்டில் 120 பாகை, மூன்று சேர்வோ என்ற வகையைத் தெரிவு செய்ய வேண்டும். ஸ்டிக் நடுவில் இருக்கும்போது ஒவ்வொரு சேர்வோவின் கையும் அதனோடு இணைந்த கம்பிக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும், தட்டும் மட்டமாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, திசைகள். இடது ஸ்டிக்கை உயர்த்தும்போது மூன்று சேர்வோக்களும் தட்டை ஒரே பக்கமாக நகர்த்த வேண்டும். ஒன்று மட்டும் எதிராகப் போனால், றிமோட்டில் அந்தச் சேர்வோவின் திசையை மாற்ற வேண்டும். மூன்றும் ஒற்றுமையாக இருந்தும் ஏறுவதற்குப் பதிலாகப் பிட்ச் குறைந்தால், சேர்வோக்களைத் தொடாமல், தட்டுக்கான கலவை அமைப்பில் பிட்ச் பெறுமானத்தின் குறியை நேரிலிருந்து மறைக்கு மாற்றினால் போதும். வலது ஸ்டிக்கை முன்னே தள்ளத் தட்டின் முன்பக்கம் தாழ வேண்டும், வலப்பக்கம் தள்ள வலப்பக்கம் தாழ வேண்டும்.

நான்காவது, பிட்ச் கோணம். இதற்கு மட்டும் பிளேட்டுகளைத் திரும்பப் பூட்டி, மோட்டர் வயர் பிரிந்த நிலையிலேயே, கோணமானி ஒன்றை பிளேட்டில் கொழுவி அளக்க வேண்டும். பழகுபவருக்காக நானா சொன்ன அளவுகள்: ஸ்டிக் அடியில் −2 பாகை, நடுவில் +5 பாகை, உச்சியில் +9 பாகை. ஸ்டிக்கின் எந்த மூலையிலும் சேர்வோ முனகும் சத்தம் கேட்டால், ஏதோ ஒன்று இடிபடுகிறது என்று பொருள். அளவைக் குறைக்க வேண்டும்.

ஐந்தாவது, வால். இதில் இரண்டு சோதனைகள் உண்டு, இரண்டும் வெவ்வேறானவை. முதலில் இடது ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளி, வாலில் உள்ள நகரும் பகுதி எந்தப் பக்கம் போகிறது, அதனால் மூக்கு வலப்பக்கம் திரும்புமா என்று பார்க்க வேண்டும். பிழை என்றால் றிமோட்டில் மாற்ற வேண்டும். பிறகு ஸ்டிக்கைத் தொடாமல், ஹெலிகொப்டரைக் கையில் பிடித்து மூக்கை இடப்பக்கம் வெடுக்கென்று திருப்ப வேண்டும். அப்போது அந்தப் பகுதி, சற்று முன் 'வலம்' என்று கட்டளையிட்டபோது போன அதே பக்கம் போக வேண்டும். எதிர்ப்பக்கம் போனால், கைரோவிலேயே உள்ள திசை மாற்றும் சிறிய சுவிட்சைத் தட்ட வேண்டும். நான் முதல் சோதனையைச் செய்துவிட்டு, இரண்டாவதும் அதற்குள் அடங்கிவிட்டது என்று நினைத்தேன்.

இதைக் காட்டியபோது உம்மா சிரித்தார். "துணி வைக்க முந்தி மெஷின் சில்லைக் கையால சுத்திப் பார்ப்பேனே, ஊசி எங்க இறங்குது என்று. அது மாதிரித்தானே?" என்றார். அது மாதிரியேதான். நான் இரண்டு பக்கத்தில் எழுதியதை உம்மா ஒரு வசனத்தில் முடித்துவிட்டார்.

அதோடு நிற்கவில்லை. "சரி, பறந்துகொண்டிருக்கிற நேரம் உன்ட றிமோட் செத்துப்போனால்?" என்று கேட்டார். "மோட்டர் தானாக நிற்கும்" என்றேன். "காட்டு" என்றார். எல்லாப் பிளேட்டுகளையும் மீண்டும் கழற்றி, மோட்டர் வயரை இணைத்து, ஹெலிகொப்டரை மேசையோடு அழுத்திப் பிடித்தபடி மெதுவாக ஓடவிட்டு, றிமோட்டை அணைத்தேன். மோட்டர் நிற்கவில்லை. கடைசியாகக் கிடைத்த கட்டளையையே பிடித்துக்கொண்டு ஓடியது. என் முகம் வெளிறிப்போனது. தொடர்பு அறுந்தால் மோட்டர் நிற்கும்படி முன்கூட்டியே அமைக்க வேண்டும், நான் அமைத்திருக்கவில்லை. அன்றே அமைத்து, மூன்று தடவை அணைத்துப் பார்த்தோம். மூன்று தடவையும் நின்றது. என் தாளில் ஆறாவது வரி உம்மாவுடையது.

ஏழாவதாக, எந்த நேரத்திலும் மோட்டரை நிறுத்தும் சுவிட்ச் ஒன்றைத் றிமோட்டில் ஒதுக்கி, அதைக் கண் மூடியும் தொடப் பழக வேண்டும். எட்டாவதாக, சுழலித் தலையில் பிடித்துத் தூக்கினால் உடல் மட்டமாக நிற்க வேண்டும். இல்லையெனில் பற்றரியை முன்னே பின்னே நகர்த்திச் சமப்படுத்த வேண்டும்.

இத்தகைய பொருட்களைப் பறக்கவிட நம் நாட்டில் விதிகள் உள்ளன. பெரியவர் ஒருவர் அவற்றைக் கேட்டறிந்து, ஆட்கள் இல்லாத திறந்த வெளியைத் தெரிவு செய்ய வேண்டும். சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின், வாப்பா என்னை வயல் பக்கமுள்ள வெறுங்காணிக்கு அழைத்துச் சென்றார். உம்மாவும் வந்தார். ஹெலிகொப்டரின் அடியில், கவிழாமல் தாங்கும் குறுக்குக் கம்பிகளைப் பூட்டியிருந்தேன். தம்பி தூரத்தில் வாப்பாவின் கையில். உம்மா தாளை விரித்து ஒவ்வொரு வரியாக வாசித்தார். நான் ஒவ்வொன்றையும் செய்து, "சரி உம்மா" என்றேன். கைரோ வரிக்கு வந்ததும், "அத எனக்கும் காட்டு" என்றார்.

பிஸ்மில்லாஹ் சொல்லி ஸ்டிக்கை உயர்த்தினேன். ஒரு சாண் உயரம், ஏழெட்டுச் செக்கன்கள். வால் அசையவில்லை. மெதுவாக இறக்கினேன்.

அன்று நானாவுக்குக் குரல் செய்தி அனுப்பினேன். முதலில் அவரிடம் சொன்ன பொய்யைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பிறகுதான் பறந்த கதையைச் சொன்னேன்.

ஹெலிகொப்டர் இப்போதும் அந்த அலுமாரியில்தான் இருக்கிறது. சாவியும் உம்மாவிடம்தான். நான் கேட்டால், தாளையும் சேர்த்துத் தருகிறார்.