புல்மோட்டை மணலும் கீழ்த்தாடைப் பல்லும்

திருகோணமலை நகரிலிருந்து கரையோரமாக வடக்கே போனால் புல்மோட்டை வரும். அங்கே கடற்கரை மணல் கறுத்துக் கிடக்கும். இல்மனைட், ரூட்டைல், சிர்கோன் ஆகிய கனியங்கள் அதில் செறிந்திருப்பதே காரணம். முதல் இரண்டிலும் டைட்டேனியம் இருக்கிறது, மூன்றாவதில் சிர்கோனியம். பல் விழுந்த இடத்தில் தாடை எலும்புக்குள் பதிக்கும் செயற்கை வேர் பெரும்பாலும் டைட்டேனியத்தால் ஆனது. அதன்மேல் பூட்டும் பல்லைப் பல வேளைகளில் சிர்கோனியத்தின் ஒட்சைட்டான சிர்கோனியாவில் செதுக்குகிறார்கள்.

எலும்பும் டைட்டேனியமும் இறுகப் பிணையும் என்பதைத் தற்செயலாகக் கண்டவர் சுவீடனின் பெர்-இங்வார் பிரோனமார்க். முயல் எலும்புக்குள் குருதியோட்டத்தை ஆராய 1952இல் டைட்டேனியக் கூடு ஒன்றைப் பதித்தார். ஆய்வு முடிந்து கழற்றப் போனால், எலும்பு அதை விடவில்லை. காற்றுப் பட்டதுமே டைட்டேனியத்தின் மேல் மெல்லிய ஒட்சைட்டுப் படலம் படர்கிறது. அது அரிப்பைத் தடுப்பதால் எலும்புக் கலங்கள் நெருங்கி வளர்கின்றன. 1965இல் யோஸ்டா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் பதித்த வேர்கள், 2006இல் அவர் இறக்கும்வரை உழைத்தன.

கீழ்த்தாடையின் முன்பகுதி எலும்பு அடர்த்தியானது. வேர் பிடிக்க ஏறத்தாழ 3 மாதம் போதும். இடம்தான் நெருக்கடி. கீழ் வெட்டும்பல்லின் அகலம் 5 மில்லிமீற்றர் சொச்சம். வழக்கமான செயற்கை வேரே 4 மில்லிமீற்றர் தடிப்பு. பக்கத்துப் பல்லிலிருந்து 1.5, இரு வேர்களுக்கிடையே 3 மில்லிமீற்றர் எலும்பு விட வேண்டும். ஆகவே நான்கு பற்கள் போனவருக்குப் பெரும்பாலும் இரண்டே வேர் பதித்து, அவற்றின்மேல் நான்கு பல் பாலத்தை ஏற்றுகிறார்கள். நாக்கின் அடியில் இரத்த நாளங்கள் ஓடுவதால், முப்பரிமாண எக்ஸ்ரேயில் எலும்பை அளந்த பிறகே துளையிட வேண்டும்.

இந்தப் பற்கள் ஏன் ஆடி விழுகின்றன? உமிழ்நீர்க் குழாய் அவற்றின் பின்னால்தான் திறக்கிறது. உமிழ்நீரின் கல்சிய உப்புகள் அங்கே காரையாகப் படிகின்றன. காரையில் கிருமி தங்குகிறது. ஈறு வீங்கி, எலும்பு கரைகிறது. பல் ஆய்வாளர் ஹரால்ட் லோவின் குழுவினர் 1970இல் தொடங்கி 15 ஆண்டுகள் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரைக் கவனித்தார்கள். பல் துலக்கும் வழக்கமோ பற்சிகிச்சையோ அவர்களுக்கு வாய்த்திருக்கவில்லை. நூற்றுக்கு 11 பேருக்கு நோய் ஈறு அழற்சியோடு நின்றது. 81 பேருக்கு மிதமாகவும் 8 பேருக்கு வேகமாகவும் பரவியது. உலக மருத்துவ நூல்கள் இன்றும் மேற்கோள் காட்டும் அறிவு அந்த ஏழைத் தொழிலாளரின் வாயிலிருந்து பெறப்பட்டது.

டைட்டேனியம் சொத்தையாகாது. ஆனால் அதைச் சுற்றியுள்ள ஈறும் எலும்பும் அதே நோய்க்கு ஆளாகும். புகைப்பவருக்கும் சர்க்கரையைக் கட்டுப்படுத்தாதவருக்கும் ஆபத்து அதிகம். பல்லைப் பறித்த காரணத்தைத் தீர்க்காமல் வேர் பதிப்பது பணத்தை வீணாக்குவதாகும்; அந்தப் பணமோ புல்மோட்டைக் கரையின் மீன்பிடிக் குடும்பங்களுக்கு எளிதில் எட்டாதது. காரை எடுப்பதோ அரச பற்சிகிச்சை நிலையங்களில் இலவசம். கீழ் முன்பற்களின் உட்புறத்தை நாக்கால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால், அடுத்த கிளினிக் நாளிலேயே போய்ச் சுத்தம் செய்துகொள்ளுங்கள்.