ஃபெராரி 250 ஜிடிஓ
ஃபெராரி 250 ஜிடிஓ என்பது இத்தாலியின் ஃபெராரி நிறுவனம் 1962 முதல் 1964 வரை உருவாக்கிய பந்தயத் தானுந்து ஆகும். மொத்தம் 36 வண்டிகளே கட்டப்பட்டன. பெயரிலுள்ள 250 என்பது ஓர் உருளையின் கொள்ளளவைக் கன சென்டிமீட்டரில் குறிக்கிறது. 12 உருளைகளும் சேர்ந்து ஏறத்தாழ 3 லிட்டர் ஆகும். ஜிடிஓவின் இறுதி எழுத்து, பந்தயத்திற்கு ஏற்பளிக்கப்பட்டது எனப் பொருள்படும் இத்தாலியச் சொல்லின் முதலெழுத்தாகும். ஏற்பு பெற 100 வண்டிகள் கட்டப்பட வேண்டும் என்பது அப்போதைய விதி. முந்தைய 250 ஜிடியின் மாறுபட்ட வடிவமே இது எனக் காட்டி ஃபெராரி ஏற்புப் பெற்றதால், இப்பெயர் சற்று வேடிக்கையானதே.

பந்தயங்களில் நொறுங்கிச் சீரமைக்கப்பட்ட வண்டிகளுள் 3851ஜிடி என்னும் அடிச்சட்ட எண் கொண்டதும் ஒன்று. 1962 அக்டோபரில் பாரிசுக்கு அருகிலுள்ள மோன்லேரி ஓடுதளத்தில் இது விபத்துக்குள்ளானதில், 1948 ஒலிம்பிக் பனிச்சறுக்கில் தங்கம் வென்ற ஆன்றி ஒரேயே உயிரிழந்தார். பழுதுபார்க்கப்பட்ட பின் இவ்வண்டி மீண்டும் பந்தயங்களில் ஓடியது. 2014 ஆகத்தில் கலிபோர்னியாவில் நடந்த ஏலத்தில் சுமார் 3.81 கோடி அமெரிக்க டாலருக்கு விற்பனையானது.

அலுமினிய உடற்தகடுகளைக் கையால் தட்டிப் புதிதாக்கிவிடலாம். ஆதலால் வாங்குவோர் வண்ணப்பூச்சின் பளபளப்பைவிட, அடிச்சட்டம், பொறி, பற்சக்கரப் பெட்டி ஆகியவற்றின் எண்கள் தொழிற்சாலைப் பதிவுகளுடன் ஒத்துப்போகின்றனவா என்பதையே முதலில் ஆராய்கின்றனர்.