தாத்தாவின் சவரக்கத்திக்கு வயது என்ன? எப்படிக் கண்டுபிடிப்பது?

கம்பத்திலோ போடியிலோ பழைய வீட்டு மரப்பெட்டியில் மடக்கு சவரக்கத்தி கிடைத்தால், அலகை விடுங்கள். அலகும் பிடியும் சேரும் கழுத்தைப் பாருங்கள்.

ஏன் கழுத்து? அலகு கல்லில் தீட்டத் தீட்டத் தேய்ந்து ஒடுங்கும். கழுத்து கல்லில் படுவதில்லை. எஃகைச் சூடேற்றி இறுக்குவதற்கு முன்பே, இளகலாக இருக்கும்போது அங்கே முத்திரை குத்திவிடுவார்கள். அதனால் நூறாண்டு கழித்தும் எழுத்து நிற்கிறது.

இனி, பழைய காசைப் படிப்பதுபோலப் படியுங்கள். கிரீடத்தோடு ‘வி.ஆர்.’ என்றிருந்தால் அது விக்டோரியா ராணி. கத்தி, அவர் அரியணை ஏறிய 1837க்கு முந்தையதல்ல. 1895இல் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் கம்பம் பள்ளத்தாக்குக்கு வந்தபோதும் அவர் ஆட்சிதான்.

கத்திக்குப் பேர்போன ‘ஷெஃபீல்டு’ என்று ஊர்ப்பெயர் மட்டும் இருக்கிறதா, ‘இங்கிலாந்து’ம் சேர்ந்திருக்கிறதா? 1890இன் அமெரிக்கச் சுங்கச் சட்டம் இறக்குமதிச் சரக்கில் நாட்டின் பெயரைக் கட்டாயமாக்கியது. அங்கும் சரக்கு அனுப்பியவர்கள் அதைக் குத்தினார்கள். எனவே நாட்டுப்பெயர் இருந்தால், கத்தி பெரும்பாலும் அதற்குப் பிந்தையது.

‘ஜெர்மனி’ என்றிருந்தால் கதை இன்னும் சுவையானது. ஜெர்மானியக் கத்திகள் சில ஷெஃபீல்டு பெயரிலேயே விற்பனையாயின. அந்தப் போலியைத் தடுக்கவே, பிறந்த நாட்டைக் குறிக்கச் சொல்லி பிரிட்டன் 1887இல் சட்டம் போட்டது.

பிடியை மட்டும் நம்பாதீர்கள், உடைந்தால் மாற்றியிருப்பார்கள். உப்புத்தாள் போட்டுத் துருவைத் தேய்க்கவும் வேண்டாம், எழுத்தும் சேர்ந்து போய்விடும்.