மழையே இல்லாத இரவில் நனையும் கூடாரம்

ஸ்காட்லாந்தின் மலைகளில், முன்கூட்டி யாரிடமும் கேட்காமல், ஒதுக்குப்புறமாக ஓரிடம் பார்த்துக் கூடாரமடித்துத் தூங்கலாம். ஒருசில ஏரிக்கரைகள் நீங்கலாகப் பெரும்பாலான இடங்களில் 2003-ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் இந்த உரிமையைத் தருகிறது. வீட்டையே முதுகில் சுமந்து ஏற வேண்டும் என்பதால், கடையில் கூடாரம் வாங்குகிறவர் முதலில் எடையைத்தான் பார்க்கிறார். பார்க்க வேண்டிய இன்னொன்று, ஈரம்.

வானம் நிறைய நட்சத்திரம், ஒரு சொட்டு மழை இல்லை. விடிந்து பார்த்தால் கூடாரத்தின் உட்புறம் சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறது. துணி ஒழுகவில்லை. எல்லாப் பொருளும் அகச்சிவப்புக் கதிர்களாக வெப்பத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. மேகமூட்டம் இருந்தால் அதில் பெரும்பங்கு திரும்பி வரும். தெளிந்த வானம் அவ்வளவு திருப்பித் தருவதில்லை. கூடாரத் துணியோ மிக மெல்லியது, சேர்த்துவைத்த வெப்பம் அதனிடம் அதிகம் இல்லை. அதனால் அது சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துபோகிறது. உள்ளே தூங்குகிறவரின் மூச்சும் தோலும் ஓர் இரவில் ஏறத்தாழ கால் லிட்டர் நீரை ஆவியாக வெளியேற்றுகின்றன. அந்த ஆவி குளிர்ந்த துணியைத் தொட்டதும் துளியாகிறது. மார்கழியில் வெட்டவெளியில் நிறுத்திய பைக்கின் சீட் நனைந்திருக்க, மரத்தடியில் நிறுத்தியது காய்ந்திருப்பதும் இதே கணக்குதான்: இலைகள் வானத்தை மறைத்துவிடுகின்றன.

அமெரிக்காவின் எம்மா கேட்வுட் 1955-இல், தம் 67 வயதில், 3,000 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் அப்பலாச்சியன் பாதையைத் தனியாக நடந்து முடித்தார். மழைக்கு அவர் வைத்திருந்தது ஒரு குளியலறைத் திரை. எடை குறைக்க விரும்புகிறவர்கள் அவரைக் கும்பிடாத குறைதான்! ஆனால் அந்தப் பாதையின் பெரும்பகுதி காட்டுக்குள் போகிறது. காற்றையும் வானத்தையும் மரங்களே தடுத்துவிடும். மொட்டை மலைகள் நிறைந்த ஸ்காட்லாந்தில் அப்படி ஒரு கூரை கிடையாது.

துணியிலும் சூட்சுமம் உண்டு. நைலான் மூலக்கூறுகள் நீரைப் பிடித்துக்கொள்ளும். ஈரமானால் துணி நீளும். மாலையில் விறைப்பாகக் கட்டிய கூடாரம் நள்ளிரவில் தொய்ந்து, நனைந்த வெளித்துணி உள்துணியில் ஒட்டிக்கொள்கிறது. பாலியெஸ்டர் இவ்வளவு தொய்வதில்லை. பந்தயப் படகுகளின் பாய்க்காக உருவான டைனீமா கலவைத் துணி நீரையும் உறிஞ்சாது, நீளவும் நீளாது. விலையைக் கேட்டால்தான் தூக்கம் போய்விடும். கம்பின் எடையைக் குறைப்பது பழைய தந்திரம்: 19-ஆம் நூற்றாண்டிலேயே மலையேற்ற வீரர் ஆல்பர்ட் மம்மரி தம் கூடாரத்துக்குப் பனிக்கோடரிகளைக் கம்பாக நிறுத்தினார். இன்று நடைக்கோல்கள் அந்த வேலையைச் செய்கின்றன.

துணி எதுவானாலும் இடம் சரியில்லையென்றால் பயனில்லை. இரவில் குளிர்ந்த காற்று கனத்து, சரிவில் வழிந்து பள்ளத்தாக்கின் அடியில் தேங்கும். ஓடைக்கரைச் சமதளம் கண்ணுக்கு அழகு, ஆனால் ஈரமும் குளிரும் அங்கேதான் அதிகம். கொஞ்சம் மேலே ஏறினால் இளங்காற்று ஆவியை அள்ளிக்கொண்டு போகும். கோடையில் மொய்க்கும் மிட்ஜ் என்ற பொடிக்கொசுவும் காற்றில் பறக்கத் திணறும். அதற்காக முகட்டுக்கே போய்விடக் கூடாது. காற்றின் வேகம் இரட்டித்தால் கூடாரத்தின் மீது விழும் விசை நான்கு மடங்காகும்.

ஒற்றைத் துணிக் கூடாரமும் வெறும் தார்ப்பாயும் எடை குறைவுதான். என்றாலும் ஸ்காட்லாந்தின் கோடைக்கு நான் கைகாட்டுவது, கொசுவலை உள்கூடும் பாலியெஸ்டர் வெளித்துணியும் கொண்ட இரட்டை அடுக்கையே. துளிகள் வெளித்துணியோடு வழிந்துபோகும். கூடவே ஒரு சின்னத் துடைப்புத் துணியும் இருக்கட்டும்.