பேஸ்பால் வீரரை எடை போட எக்ஸெல்

அவுட் ஆஃப் த பார்க் பேஸ்பால் என்னும் கம்ப்யூட்டர் கேம் 1999ல் வெளியானது. இதில் மட்டை பிடிப்பது உங்கள் வேலை அல்ல. அணியை நிர்வகிக்க வேண்டும். வீரர்கள், அணிகள் எல்லாம் கற்பனையாகவே ஒரு லீக் அமைத்துக் கொள்ளலாம்.

சீசன் முடிந்த பின்னர்தான் எனக்குத் தலைவலி. ஒப்பந்தம் முடிந்து எந்த அணிக்கும் போகலாம் என்று நிற்பவர்களை ஃப்ரீ ஏஜென்ட் என்கின்றனர். என் பட்ஜெட்டில் ஒரு பேட்டருக்குத்தான் இடம். ஒருவர் 500 முறை அடிக்க முயன்று 150 ஹிட், சராசரி.300. இன்னொருவர் 500ல் 130, அதாவது.260. முதலாமவருக்குத்தான் கிராக்கி, சம்பளமும் அதிகம்.

எக்ஸெல் ஒர்க் ஷீட்டில் இன்னும் ஒரு நெட்டுவரிசை சேர்த்திடுங்கள். அதில் 'வாக்' எண்ணிக்கையை டைப் செய்திடுங்கள். எல்லைக்கு வெளியே வரும் நான்கு பந்துகளை அடிக்காமல் விட்டால் பேட்டருக்கு முதல் பேஸ் இலவசம்; இதுதான் வாக். மேலே சொன்ன 500ல் இது சேராது. முதலாமவர் பெற்றது 20, மற்றவர் 90. ஹிட்டையும் வாக்கையும் கூட்டி, முயற்சியும் வாக்கும் சேர்ந்த தொகையால் வகுத்திடுங்கள். விடை .327, .373! (பந்து உடம்பில் படுவது போன்ற சில்லறைக் கணக்குகளை விட்டுவிட்டேன்.) ஒன்பது இன்னிங்ஸில் ஓர் அணிக்கு 27 அவுட்கள்தாம். அவுட் ஆகாமல் பேஸுக்குப் போகிறவரை விட முடியுமா?

ஆனால் அவருக்கு வயது 32. கேட்பதோ ஐந்தாண்டு ஒப்பந்தம். இரண்டாண்டுக்கு, சற்றுக் கூடுதல் சம்பளத்துடன் கேட்டிருக்கிறேன். முன்னதாக சேவ் செய்துவிட்டு, மறுத்தால் பழைய பைலைத் திறக்கும் வேலை எனக்குப் பிடிக்காது. வேறு அணி கொத்திக்கொண்டு போனால் போகட்டும். பட்டியலில் அடுத்த பெயருக்கும் கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன்.