மலைத் தோட்டத்துப் பிள்ளைகளும் ஆசிரியப் பணியும்

வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு தொழிலாளர் ஓய்வு பெறுங்கால், அவர் குடியிருந்து வந்த லைன் வீட்டையும் விட்டு நீங்க வேண்டியதாகிறது. ஆகவே, தாம் வேலையிலிருந்து விலகு முன்னர் பிள்ளைகளில் ஒருவரையேனும் நிலையான உத்தியோகத்தில் அமர்த்திவிட வேண்டுமெனத் தாய் தந்தையர் கருதுவது இயல்பே. அவ்வாறு கருதுவோர் மனத்தில் முதலில் தோன்றுவது ஆசிரியப் பணி. ஆனைமலை அடிவாரக் கிராமங்களிலும் இந்நிலையே. ஆயின், 'வாத்தியார் படிப்பு' என்று ஊரார் ஒரே பெயரால் குறிப்பிடுவது உண்மையில் மூன்று வேறு வழிகளாகும். எந்த வகுப்புக்கு ஆசிரியராவது என்று முதலில் தீர்மானியாமல் கல்லூரிக்குப் பணம் கட்டிவிட்டுப் பின்னர் வருந்துவோர் பலர். யோசனை கேட்டு மக்கள் முதலில் அணுகுவது பஞ்சாயத்து உறுப்பினர்களையே ஆதலின், இவ்விவரங்களை அவர்கள் அறிந்திருத்தல் நலம்.

ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்குப் பாடம் சொல்பவர் இடைநிலை ஆசிரியர். நமது ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் பெரும்பாலோர் இவர்களே. இதற்குப் பட்டம் தேவையில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் 50 விழுக்காடு மதிப்பெண் பெற்று, தொடக்கக் கல்விப் பட்டயப் பயிற்சியை இரண்டாண்டு பயில வேண்டும். பட்டியல் இனத்தார்க்கும் பழங்குடியினர்க்கும் மதிப்பெண்ணில் சலுகை உண்டு. செலவு குறைவு, காலமும் குறைவு. உடுமலைக்கு அருகே திருமூர்த்தி நகரில் அரசின் மாவட்ட ஆசிரியர் கல்வி பயிற்சி நிறுவனம் இருக்கிறது.

ஆறு முதல் பத்து வரையுள்ள வகுப்புகளுக்குப் பட்டதாரி ஆசிரியர். மூன்றாண்டுப் பட்டத்திற்குப் பின் பி.எட். பயில வேண்டும். ஓராண்டாக இருந்த இப்படிப்பு 2015 முதல் இரண்டாண்டாயிற்று. அதில் 20 வாரங்கள் பள்ளியிலேயே பயிற்சி. முற்காலத்தில் எல்.டி. என்றும் பி.டி. என்றும் வழங்கியதே இன்றைய பி.எட்.; அப்பட்டம் மறைந்து நெடுங்காலமாகியும் 'பி.டி. வாத்தியார்' என்ற பெயர் மட்டும் கிராமங்களில் நிலைத்துவிட்டது. மேனிலை வகுப்புகளான பதினொன்று, பன்னிரண்டுக்கு முதுகலைப் பட்டமும் பி.எட்.டும் சேர்ந்திருத்தல் வேண்டும்.

பட்டப் படிப்பில் பாடத்தைத் தெரிவு செய்யும்போதுதான் பெரும்பாலும் இடர் நேர்கிறது. தமிழ், ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல், வரலாறு, புவியியல் ஆகியவற்றில் பட்டம் பெற்றோர் நேரே பி.எட். சேரலாம். வணிகவியல், பொருளியல் பயின்றோர் அவ்வாறு சேர இயலாது; அவை மேனிலை வகுப்புகளில் மட்டுமே கற்பிக்கப்படுவதால் முதுகலை முடித்த பின்னரே அவர்களுக்கு இடம். வேறு பெயருடைய புதிய பட்டங்களாயின், அவை மேற்கண்ட பாடங்களுக்கு இணையானவை என்று அரசாணை உள்ளதா எனக் கேட்டறிய வேண்டும். கல்லூரி விளம்பரத்தை நம்பினால் போதாது. பன்னிரண்டாம் வகுப்புப் படியாமல் திறந்தவெளிப் பல்கலைக்கழகத்தில் நேரே பெற்ற பட்டமும் இதற்கு உதவாது. பட்டத்தில் பெற்றிருக்க வேண்டிய குறைந்த மதிப்பெண், பொதுப் பிரிவினர்க்கு 50 விழுக்காடு, பிற்படுத்தப்பட்டோர்க்கு 45, மிகவும் பிற்படுத்தப்பட்டோர்க்கு 43, பட்டியல் இனத்தார்க்கும் பழங்குடியினர்க்கும் 40.

வால்பாறையில் அரசு கலை அறிவியல் கல்லூரி உள்ளபடியால் பட்டம் வரை வீட்டிலிருந்தே படிக்கலாம். பி.எட்.டுக்கோ நாற்பது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கீழே இறங்கியாக வேண்டும். நாள்தோறும் போய் வருதல் ஆகாது. விடுதிச் செலவையும் கணக்கிட்டே தீர்மானிக்க வேண்டும். கோவையில் மகளிர்க்கென அரசு கல்வியியல் கல்லூரியும், குமாரபாளையத்தில் மற்றோர் அரசுக் கல்லூரியும் இருக்கின்றன. பெரியநாயக்கன்பாளையம் இராமகிருஷ்ண வித்தியாலயத்தின் ஆசிரியர் கல்லூரி 1950 முதல் நடந்து வருகிறது. தனியார் கல்லூரியாயின் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரமும், தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் இணைப்பும் உண்டா என்று பார்க்காமல் ஒரு ரூபாயும் கட்டலாகாது.

"பி.எட். படித்தவர் சிறு பிள்ளைகளுக்குச் சொல்லித்தரத் தகுதியற்றவரா?" என்று எம்மைக் கேட்போர் உண்டு. மேல் படிப்பு கீழ்ப் படிப்பை அடக்கியது என்பது அவர்கள் எண்ணம். 2023 ஆகஸ்டு 11 ஆம் நாள் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை கூறிவிட்டது: ஐந்தாம் வகுப்பு வரைக்கு பி.எட். தகுதியாகாது. எழுத்தறியாத குழந்தைக்கு எழுத்தறிவித்தல் தனிக் கலை என்பதே எமது கருத்தும்.

படிப்பு முடிந்தபின் ஆசிரியர் தகுதித் தேர்வு. கல்வி உரிமைச் சட்டத்தையொட்டி 2010 இல் விதிக்கப்பட்ட இத்தேர்வு, நமது மாநிலத்தில் 2012 ஜூலையில் முதன்முதலாக நடைபெற்றது. ஆசிரியர் தேர்வு வாரியம் இதை நடத்துகிறது. முதல் தாள் இடைநிலை ஆசிரியர்க்கு, இரண்டாம் தாள் பட்டதாரி ஆசிரியர்க்கு. ஒவ்வொன்றும் 150 மதிப்பெண். பொதுப் பிரிவினர் 90 பெற வேண்டும். ஏனையோர்க்குரிய சலுகையை அவ்வப்போதைய அறிவிக்கையில் காண்க. ஏழாண்டே செல்லுபடியாகும் என்றிருந்த சான்றிதழ், 2021 முதல் ஆயுள் முழுதும் செல்லும் என மாற்றப்பட்டது. முன்னரே பணியில் சேர்ந்தோரும் இதில் தேற வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தீர்ப்பளித்தது. ஓய்வுக்கு ஐந்தாண்டுக்குக் குறைவாக உள்ளோர் பதவி உயர்வு கோராவிடில் இதற்கு விலக்கு.

தகுதித் தேர்வில் தேறியதும் வேலை வந்துவிடும் என்று எண்ணிக் கடன் வாங்குவோரை எச்சரிக்க வேண்டியது நம் கடமை. 2018 இல் பிறந்த அரசாணைப்படி, தேறியோர் நியமனத்திற்கென மற்றொரு போட்டித் தேர்வையும் எழுத வேண்டும். அவ்வகையில் பட்டதாரி ஆசிரியர்க்கு 2024 பிப்ரவரியிலும், இடைநிலை ஆசிரியர்க்கு அவ்வாண்டு ஜூலையிலும் தேர்வு நடைபெற்றது. முதல் சான்றிதழுக்கும் அடுத்த தேர்வுக்கும் இடையே பல்லாண்டு காத்திருந்தோர் உளர். 2022 முதல் பள்ளி மேலாண்மைக் குழுக்களின் வாயிலாகத் தற்காலிக ஆசிரியர்களை நியமிக்க அரசு இசைந்தது. அதில் தகுதித் தேர்வில் தேறியோர்க்கு முன்னுரிமை. எனினும் அது நிரந்தரப் பணிக்கு உரிமை தராது. குழுவிலுள்ள உறுப்பினர்கள் இதனை விண்ணப்பதாரர்க்கு முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

இனி, சான்றிதழ்கள். தமிழ் வழியில் பயின்றோர்க்கு அரசு நியமனங்களில் 20 விழுக்காடு முன்னுரிமை, 2010 ஆம் ஆண்டுச் சட்டத்தால் கிடைத்தது. 2020 இல் செய்த திருத்தத்தால், பள்ளி முதற்கொண்டே தமிழ் வழியில் பயின்றிருக்க வேண்டும் என்றாயிற்று. தோட்டத்துப் பிள்ளைகளில் பலர் இதற்கு உரியவர்களே. குடும்பம் தோட்டம் மாறும்போது பிள்ளையும் பள்ளி மாறுவதால், படித்த ஒவ்வொரு பள்ளியின் தலைமையாசிரியரிடமும் சான்று பெற்று வைத்தல் வேண்டும். பள்ளி மூடப்பட்டபின் பதிவேட்டைத் தேடி அலைவது கடினம். காடர், முதுவர், மலசர், இரவாளர் குடும்பத்துப் பிள்ளைகளுக்குரிய சாதிச் சான்றிதழை வட்டாட்சியர் வழங்க இயலாது. பொள்ளாச்சி சார் ஆட்சியரே வழங்க வேண்டும். விசாரணைக்குக் காலம் பிடிக்குமாதலால், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வரும்வரை காத்திராமல், பிள்ளை பத்தாம் வகுப்பில் இருக்கும்போதே மனுக் கொடுக்கச் செய்யுங்கள்.